பம்ப் அடித்தவன்: ஒரு சைக்கிள் ஓட்டமும் ஒரு வீதி விபத்தும்

ஆவணி முற்பகுதியில் ஒரு பின்னேரம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியின் இடது கரையில் சிறுபோக நெல் காய்ந்துகொண்டிருந்தது. மாடு வாய் வைக்காமல் பார்க்க ஒரு அம்மா பூவரசந்தடியோடு மதகுக் கட்டில் இருந்தார். அவருக்கு இருபது யார் தூரம் தள்ளி, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்றின் பக்கக் கண்ணாடி, சைக்கிளில் போன பத்தொன்பது வயதுப் பொடியனின் வலது தோளில் தட்டியது. பொடியன் நெல்லுக்குள் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. நெல் தாங்கிக்கொண்டதால் தலை தப்பியது.

அன்று இரவே ஊரில் கதை வந்துவிட்டது. "ஐஸ் அடிச்சிட்டு ஓடினவனாம்." "அவன்தானே சித்திரை ஓட்டத்திலை பம்ப் அடிச்சு வெண்டவன்." ஐஸ் என்றது போதைமருந்து. பம்ப் என்றது முட்டு, அதாவது ஆஸ்மா, உள்ளவர்கள் வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப். மூன்றாம் நாள், டிப்பர்க்காரருக்காகப் பேச வந்தவர்களும் இதையே சொன்னார்கள்: பொடியன் பாவனைக்காரன், ஊரே சொல்லுது.

அந்தச் சித்திரை ஓட்டத்துக்கு நேரம் எடுத்தவன் நான். பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். ஓட்டத்துக்குப் பிறகு எழுந்த முறைப்பாட்டை விசாரித்த மூன்று பேரில் ஒருவனும் நானே. சித்திரையில் நாங்கள் அரைகுறையாக முடித்த விசாரணை, ஆவணியில் ஒரு காயப்பட்ட பிள்ளைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊர், கழகம், ஆட்கள் எவருடைய பெயரையும் போடவில்லை. தூரம், நேரம், மருந்து, அளவு எல்லாம் என் குறிப்புக் கொப்பியில் உள்ளபடி.

முதலில் ஓட்டம்

புதுவருட விளையாட்டு விழாவில் ஆண்களுக்கான சைக்கிள் ஓட்டம் 26 கிலோமீற்றர். சந்தியிலிருந்து மேற்கே போய், ஒரு மதகைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். 21 பேர் ஓடினார்கள். ஆறு பேரிடம் யப்பானிலிருந்து வந்த பழைய கியர் சைக்கிள். மற்றவர்கள் வீட்டுச் சைக்கிளில் கரியரையும் மட்காட்டையும் கழற்றிவிட்டு வந்தவர்கள். இரண்டு பேர் அப்பாவின் பார் சைக்கிளிலேயே ஓடினார்கள். எங்கள் ஊரில் இந்த ஓட்டத்துக்குக் கூடுகிற சனம் வேறொரு விளையாட்டுக்கும் கூடாது. முடிவுக்கோட்டில் ஒரு கையில் கைக்குழந்தையும் மறு கையில் தண்ணிப் போத்தலுமாக நின்ற பெண்களை மட்டும் எண்ணினாலே நூறு வரும்.

தொடங்கச் சற்று முன், நிறுத்தியிருந்த உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் போய், அந்தப் பொடியன் நீல நிறப் பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தான். மறைவாக நின்று இழுத்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். பிறகு நான் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பெட்டையள் நிண்டவை சேர், முட்டுக்காரன் எண்டு சிரிப்பினம்."

47 நிமிடம் 20 விநாடியில் வந்து முதலாமிடம் எடுத்தான். முந்தின வருடம் வென்றவரின் நேரம் 52 நிமிடம். இரண்டாவதாக வந்தவர் 40 விநாடி பிந்தினார். பரிசு கொடுக்க முதல் அவருடைய சித்தப்பா மேடைக்கு வந்துவிட்டார்.

"தலைவர், இந்தக் கப்பை இப்ப குடுக்க ஏலாது. இவன் மருந்தடிச்சிட்டு ஓடினவன். நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

அவரில் எனக்குக் கோபமில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னார், அதையும் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். பிழை அவர் சொன்னதில் இல்லை. சொன்னதற்குப் பிறகு நாங்கள் செய்ததில் இருந்தது.

மருந்து என்ற சொல்

எங்கள் பேச்சில் மருந்து என்றால் கிளினிக்கில் தருவதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, குடித்துச் சாவதும் மருந்து. இப்போது கஞ்சா, ஹெரோயின், ஐஸ் எல்லாமும் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. பொடியங்களைப் பெற்ற தாய் தகப்பனுக்கு இன்று வடக்கில் இதைவிடப் பெரிய பயம் கிடையாது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஊக்கமருந்து என்று ஒருவர் சொன்னதும் கூட்டத்தில் பாதிப்பேருக்குக் கேட்டது போதைமருந்து என்றுதான். மேடையில் எழுந்தது விளையாட்டு விதி பற்றிய ஒரு முறைப்பாடு. அது வேலிக்கு வேலி போய்ச் சேர்ந்தபோது ஒரு பிள்ளையின் நடத்தை பற்றிய தீர்ப்பாக மாறியிருந்தது.

அடுத்த ஞாயிறு பொதுநோக்கு மண்டபத்தில் கூடினோம். பொடியனின் அம்மா ஒரு பொலித்தீன் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். மூலைகள் மடிந்து, நடுப்பக்கம் நூல் விட்ட கொப்பி. "ஏழு வயசிலையிருந்து முட்டு, சேர். சூடடிக்கிற தூசு பட்டா ராவிரவா இழுக்கும்." நீலப் பம்ப் சல்பியூட்டமோல். இறுகின மூச்சுக்குழாயை விரித்துவிடும். ஒரு இழுவையில் 100 மைக்ரோகிராம்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் பட்டியலில் சல்பியூட்டமோல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பம்பால் இழுப்பதற்கு அளவு வைத்து அனுமதி உண்டு: 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணித்தியாலத்திலும் 600 ஐத் தாண்டக்கூடாது. பொடியன் எடுத்தது 200. உலகக் கிண்ணத்தில் ஓடியிருந்தாலும் குற்றமில்லை.

இதே மருந்துக்காக உலகின் மிகப் பெரிய சைக்கிள் வீரர்களில் ஒருவர் பத்து மாதம் சந்தேகத்தில் வாழ்ந்தார் என்பதை அன்று கூட்டத்தில் சொன்னேன். கிறிஸ் புறூம், 2017 ஸ்பெயின் சுற்றோட்டத்தில். சிறுநீரில் சல்பியூட்டமோல் அனுமதித்த அளவைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட இருந்தது. விசாரணை நடந்து, 2018 ஆடியில் குற்றமில்லை என்று முடிந்தது. இத்தாலிக்காரர் டியேகோ உலிஸிக்கு 2014 இல் அதே மருந்தில் அளவு கூடியதற்கு 9 மாதத் தடை கிடைத்தது. ஒரே பம்ப், இரண்டு முடிவு. எந்த அளவு, எப்படி உடலுக்குள் போனது, ஓட்டக்காரரின் விளக்கம் தாங்குமா என்று பார்த்துத்தான் அங்கே முடிவெடுத்தார்கள். பெட்டிக்குப் பின்னால் நின்றதைக் கண்டதை வைத்து எடுக்கவில்லை.

எங்கள் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கிண்ணத்தின்போது தோள் நோவுக்கு எடுத்த நாட்டு மருந்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் 3 மாதம் தடைப்பட்டார். எண்ணெய், சூரணம், கசாயம் என்றால் பழுதில்லை என்று நினைக்கிற எங்களுக்கு அது பெரிய பாடம். குசல் பெரேராவின் கதை மறுபக்கம். 2015 முடிவில் இடைநிறுத்தப்பட்டு, 2016 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தையும் இழந்து, பிறகு வைகாசியில் ஆய்வுகூட முடிவு நிலைக்காது என்று குற்றச்சாட்டே விலக்கப்பட்டது. இழந்த போட்டிகளை ஆரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆய்வுகூடமே பிழைவிடும்போது, உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கண் எவ்வளவு பிழைவிடும்?

இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையமும் இருக்கிறது. அவர்கள் சோதிப்பது தேசிய, சர்வதேச மட்டத்து வீரர்களை. ஒரு கிராமத்துக் கழகத்தின் சித்திரை ஓட்டத்துக்குச் சிறுநீர்ப் போத்தலோடு எவரும் வரமாட்டார்கள். அப்படியானால் விசாரிக்க வேண்டியது நாங்கள்தான்.

ஐந்து நிமிடம் எங்கேயிருந்து வந்தது

"போன முறையைவிட அஞ்சு நிமிசம் குறைவு. மருந்தில்லாமல் எப்பிடி?" இது நல்ல கேள்வி. அதனால் கணக்குப் பார்த்தேன்.

முந்தின வருடம் 26 கிலோமீற்றரை 52 நிமிடத்தில் ஓடியது மணிக்கு 30 கிலோமீற்றர். இந்த முறை 33 க்குச் சற்றுக் குறைவு. முந்தின வருடம் வென்றவர் மூன்றாம் கிலோமீற்றரிலேயே தனித்துவிட்டார், மீதித் தூரம் முழுக்க முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு தனியே மிதித்தார். இந்த முறை முதல் மூன்று பேரும் திரும்பும் மதகு தாண்டி ஐந்து கிலோமீற்றர் வரை ஒருவருக்குப் பின் ஒருவராக, சில்லோடு சில்லு ஒட்டி வந்தார்கள். மணிக்கு 30 கிலோமீற்றரில் ஒரு சைக்கிள்காரன் செலவழிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. முன்னால் போகிறவனின் மறைவில் போனால் அதில் காற்பங்குக்கு மேல் மிச்சம். சோளகக் காற்றில் லொறிக்குப் பின்னால் சைக்கிள் ஓடிப் பார்த்த எவனுக்கும் இது தெரியும். இதோடு முந்தின வருடம் கிரவலாகக் கிடந்த ஒன்றரைக் கிலோமீற்றர் துண்டு இப்போது காபெட், பொடியனிடம் இருந்ததும் கியர் சைக்கிள். இரண்டாவது, மூன்றாவது ஆட்களும் முந்தின வருடத்து நேரத்தை முறித்தே வந்திருந்தார்கள். வேகமாக ஓடியது ஒருவன் அல்ல, ஓட்டமே வேகமானது.

சித்தப்பா இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்ப எங்கடை பெடியனும் நல்லாத்தான் ஓடியிருக்கிறான்" என்றார். அந்தக் கூட்டத்தில் நடந்த நல்ல விசயம் அது.

தேடாத இடத்தில் ஒரு குளிசை

எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம் என்று முடிவெடுத்தோம்: ஓட்டத்துக்கு முதல் நாளும் அன்றும் என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய், என்ன விழுங்கினாய்? பலர் குளுக்கோஸ். நாலு பேர் சக்தி பானம். ஒருவர் இரவு முழுக்க ஊறவைத்த வெந்தயம். ஆறாவதாக வந்த பிள்ளை தயக்கமேயில்லாமல் சொன்னான்: "முழங்கால் நோவு சேர். மாமாவின்ரை குளிசை ஒண்டு போட்டனான்." உறையை வாங்கிப் பார்த்தேன். டிரமடோல்.

இது கடும் வலிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கிற, அபின் வகையைச் சேர்ந்த குளிசை. சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2019 இல் ஓட்டத்தின்போது இதைத் தடைசெய்தது, உலகத் தடைப்பட்டியலில் 2024 இல் சேர்ந்தது. வலி தெரியாமல் மிதிக்கலாம் என்பது ஒரு காரணம். தலைச்சுற்று வந்து ஓட்டக் கூட்டத்துக்குள் விழுந்தால் பின்னால் வருகிறவர்களையும் விழுத்தும் என்பது மற்றது. பழகிப்போகும் ஆபத்தும் உண்டு. சோதனை இருந்திருந்தால் அன்று அகப்பட்டிருக்கக்கூடியவன் அந்தப் பிள்ளை ஒருவன்தான். அவனை எவரும் சந்தேகிக்கவில்லை. ஆறாவதாக வந்தவனை ஏன் சந்தேகிக்கப்போகிறார்கள்?

தண்டிக்கவில்லை. ஓட்டத்துக்கென்று எழுதிய விதி எங்களிடம் இருக்கவில்லை, அவன் ஒளிக்கவும் இல்லை. மாமாவிடம் போய்ப் பேசினேன். அடுத்தவரின் குளிசையை வாங்கிப் போடுவது எங்கள் வீடுகளில் சீனி கடன் வாங்குவதுபோல நடக்கிறது. இது சைக்கிள் ஓட்டத்தைவிடப் பெரிய விசயம்.

எங்கள் பிழை

முடிவை கழகத்தின் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினோம்: குற்றம் இல்லை, முதலாமிடம் நிலைக்கும். இரண்டு வீட்டுக்கும் வாயால் சொன்னோம். கப்பை ஒரு பின்னேரம் பொடியனின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிரச்சினையைப் பெரிதாக்காமல் விடுவோம் என்று தலைவர் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

குற்றச்சாட்டு எழுந்தது ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், ஐந்நூறு பேருக்கு முன்னால். தீர்ப்பு போனது இரண்டு படலைக்குள். கேட்ட ஐந்நூறு பேரில் எத்தனை பேர் பதிலையும் கேட்டார்கள்? இந்த ஒரு விசயத்தை நான் இப்போதும் இரவில் நினைத்துக்கொள்கிறேன்.

வெளியில் எப்படிப் பார்க்கிறார்கள்

பாரிசில் இருக்கும் என் மச்சானிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "இஞ்சையும் அதுதான் கதை, வெண்டவனெல்லாம் கள்ளன் எண்டுதான் சனம் சொல்லும். எண்டாலும் ஆடி வந்தால் றோட்டுக்கரையிலை கதிரை போட்டுக் காத்திருக்கும்" என்றான். அது உண்மை. 2015 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தில் வீதியோரம் நின்ற ஒருவன் புறூமின் மேல் சிறுநீரை எறிந்து ஊக்கமருந்துக்காரன் என்று கத்தினான். 1967 ஆடி 13 இல் பிரான்ஸின் வோந்து மலையில் அம்பெட்டமின் என்ற ஊக்கமருந்தும் மதுவும் வெயிலும் சேர்ந்து உயிரைக் குடித்த ஆங்கிலேயச் சைக்கிள் வீரர் ரொம் சிம்சனின் நினைவுக்கல்லில், அந்த வழி போகும் சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் தண்ணிப் போத்தலும் தொப்பியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருவருக்குச் சிறுநீர், ஒருவருக்கு அஞ்சலி.

அந்தச் சனத்தின் சந்தேகம் வெறும் பொறாமை அல்ல, அதற்கு வரலாறு இருக்கிறது. 1998 இல் பெஸ்ரினா சைக்கிள் அணியின் உதவியாளர் ஓட்டிவந்த வண்டி பிரான்ஸ் எல்லையில் பிடிபட்டபோது உள்ளே இருந்தது ஒரு பாமசியளவு மருந்து. அதில் முக்கியமானது இ.பி.ஓ. சிறுநீரகம் சுரக்கிற, செங்குருதிக் கலங்களைப் பெருக்குகிற பொருள். சிறுநீரகம் பழுதாகி இரத்தம் குறைகிறவர்களுக்கு அதையே ஊசியாகப் போடுகிறார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிட்னி வருத்தக்காரர் இல்லாத ஊர் குறைவு. அவர்களில் ஒருவருக்கு அந்த ஊசி அடுத்த கிழமையும் எழுந்து நடமாடுவதற்கான பலம். நல்ல சிறுநீரகம் இரண்டும் உள்ள ஒருவர் மலையேறுவதற்காக அதைப் போட்டார் என்று எங்கள் கிளினிக் வாங்கில் இருக்கிறவர்களிடம் சொன்னால் என்ன நினைப்பார்கள்? எனக்கு இந்த மோசடியில் வருகிற கோபம் அங்கேயிருந்துதான் வருகிறது.

லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1999 முதல் 2005 வரை ஏழு தரம் டூர் வென்றார். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர், எத்தனையோ சோதனை கொடுத்தும் அகப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2012 இல் அவரை விழுத்தியது பிரதானமாக மனிதர்கள் கொடுத்த சத்தியச் சாட்சி: 26 பேர், அதில் 15 பேர் சைக்கிள் வீரர்கள். ஏழு பட்டமும் போயின. அந்த இடங்கள் வேறெவருக்கும் கொடுக்கப்படாமல் வெறுமையாகவே இருக்கின்றன. 1999 இலேயே பிரெஞ்சு வீரர் கிறிஸ்தோப் பஸோன் இந்த வேகம் நம்பக்கூடியதில்லை என்று வெளிப்படையாக எழுதினார். சக வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஆம்ஸ்ட்ரோங் ஓட்டத்துக்குள்ளேயே அவருக்குப் பக்கத்தில் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் இடைநடுவில் விலகினார்.

மேடைக்கு வந்த சித்தப்பாவை நான் ஏளனமாகப் பார்க்காததற்குப் பஸோனும் ஒரு காரணம். சந்தேகப்படுகிறவனை வாயடைப்பதால் விளையாட்டுச் சுத்தமாகாது. சந்தேகத்தைக் கையில் எடுத்து, யாரிடமெல்லாம் கேட்கவேண்டுமோ கேட்டு, முடிவைச் சந்தேகம் எழுந்த அதே மேடையில் சொல்லவேண்டும். பாதி வழியில் விட்டால் அது வேறு எங்கேயோ போய் வேலை செய்யும்.

அது போன இடம்

எங்கள் ஊரில் சைக்கிளுக்கு இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது கடினம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ஆசிரியர், தாதி, விதானையார், பிள்ளைப்பெறுவுக்குப் போகும் தாய், சுடலைக்குப் போகும் விறகு, எல்லாம் சைக்கிளில். பற்றறி கிடைக்காததால் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டோம். போர் முடிந்த 2009 இல் கடைசியாகக் கைவிட்ட சொத்தும் பலருக்குச் சைக்கிள்தான். மூட்டையோடு தள்ளிக்கொண்டு போய், ஏலாத இடத்தில் சரித்துவிட்டு நடந்தார்கள்.

பிறகு ஏ9 காபெட் ஆனது, இந்த வீதியும் ஆனது. லீசிங் வந்தது. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பத்து வருடத்துக்குள் சைக்கிளில் போகிறவர் என்றால் லீசிங் கட்ட வசதியில்லாதவர், கிழவர், பள்ளிப் பிள்ளை என்றாகிவிட்டது. 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோது எல்லாரும் மூலையில் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டினோம், நானும் பள்ளிக்குச் சைக்கிளில் போனேன். அந்தச் சில மாதம் வீதியில் சைக்கிளுக்கு எவரும் கோண் அடித்து விலத்தவில்லை, ஏனென்றால் வீதியே சைக்கிள்காரருடையதாக இருந்தது. பெற்றோல் வந்த அடுத்த கிழமை பழைய கோண் சத்தம் திரும்பிவிட்டது.

ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிற பொடியங்கள் நிலை இன்னும் மோசம். வேலைக்குப் போகிற சைக்கிள்காரனுக்காவது பாவம் பார்ப்பார்கள். இறுக்கமான காற்சட்டையோடு குனிந்து மிதிக்கிறவனைக் கண்டால் "றோட்டு என்ன உன்ரை கொப்பன்ரையோ" என்பதுதான் வழமையான வார்த்தை. விபத்து நடந்ததும் வீதியில் நின்ற ஆட்கள் முதலில் கேட்டது, "ஏன் இவன் நடுறோட்டிலை ஓடினவன்?" என்று. இரண்டாவது கேள்வி, ஐஸ் அடித்தவனா என்று. டிப்பர் என்ன வேகத்தில் வந்தது என்பதை எவரும் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து அளவு நாடாவோடு போனேன். இடதுபக்க ஒழுங்கை 3.4 மீற்றர். நெல் பரப்பியிருந்த அகலம் 2.1 மீற்றர், ஓரத்தில் கல் வரிசை. மிச்சம் 1.3 மீற்றர். சைக்கிள் கைபிடியே அரை மீற்றருக்கு மேல். மேற்கே போகிறவனுக்கு ஆவணியில் சோளகம் இடது முன்பக்கத்தால் அடிக்கும். ஒரு பெரிய வாகனம் வலப்பக்கம் வந்தால் காற்றும் வாகனமும் ஒன்றாகச் சேர்ந்து சைக்கிளை ஆட்டும், அதைத் தடுக்க எந்தப் பலசாலியாலும் ஏலாது. நடுவுக்கு ஓடினான் என்கிறார்கள். ஓடுவதற்கு அவனுக்கு மிச்சமாக இருந்த வீதியே அவ்வளவுதான். மணிக்கு 80 கிலோமீற்றரில் வருகிற வாகனம் விநாடிக்கு 22 மீற்றர் போகும். பின்னால் வருகிறவர் நெல்லைத் தூரத்திலேயே காண்கிறார், சைக்கிள் வெளியே வரத்தான் போகிறது என்பது தெரிந்ததே. வேகத்தைக் குறைக்க அவருக்கு நேரம் இருந்தது.

நெல் காயவிட்டவரைக் குற்றவாளியாக்கவும் நான் தயாரில்லை. ஈரம் 14 வீதத்துக்கு இறங்காமல் நெல்லை உரிய விலைக்கு எடுக்கமாட்டார்கள். ஊரில் உலரவிடும் தளம் ஒன்றுதான், அதற்கு வரிசை. சூடான காபெட்டை விட்டால் ஏழை விவசாயிக்குக் களம் ஏது?

அந்த அம்மாவை அன்றுதான் கண்டேன். அதே மதகுக் கட்டில், அதே பூவரசந்தடி. "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி" என்றார். பிறகு நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். பொடியன் நெல்லுக்குக் கிட்ட வரமுதல் திரும்பிப் பார்த்தவன். இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையை நீட்டிக் காட்டினவன். டிப்பர் கோண் அடித்தது, ஆனால் குறையவில்லை. "கையைக் காட்டினவன், அந்தக் கையிலைதான் தட்டினது."

போதையில் இருந்தானா என்று கேட்டேன். "விழுந்து கிடந்து முதல் கேட்டது என்ன தெரியுமோ? நெல்லு சிந்திப்போச்சோ அம்மா எண்டு."

அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாக்குமூலம் பதிவு செய்வித்தோம். கழகத்தின் அறிக்கைப் புத்தகத்திலிருந்து சித்திரை முடிவின் பிரதியும், கிளினிக் கொப்பியின் பிரதியும் சேர்த்துக் கொடுத்தோம். வைத்தியசாலையில் அன்று எடுத்த குறிப்பில் போதை பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. விசயம் இன்னும் முடியவில்லை, அதனால் யார் பக்கம் எவ்வளவு பிழை என்று இங்கே தீர்ப்பெழுதப் போவதில்லை.

கழகத்தில் இரண்டு மாற்றம் செய்தோம். அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறவர் பாவிக்கிற மருந்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும், பம்ப் உள்ளவர் தொடக்கக் கோட்டில் எல்லாருக்கும் முன்னால் இழுக்கலாம். முறைப்பாடு வந்தால் முடிவை ஒலிபெருக்கியிலேயே வாசிக்கவேண்டும். நெல் காயவிடுகிறவர்களோடும் பேசினோம்: கரைப்பக்கம் மூன்றடி விட்டு, உள்ளே தள்ளிப் பரப்பினால் சைக்கிள் கரையால் போகும். சிலர் ஒத்துக்கொண்டார்கள். சிலர், "அப்ப டிப்பர் என்ரை நெல்லுக்கு மேலாலை போகும்" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வீதியில் கழகத்தின் ஒலிபெருக்கியைக் கட்டி, சித்திரை முடிவை நான் வாசித்தேன். ஐந்து மாதம் பிந்திவிட்டது. பொடியன் கையைத் தொட்டில் கட்டியபடி கடைசி வரிசையில் அம்மாவோடு நின்றான். இரண்டாவதாக வந்தவர் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சித்தப்பா வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை, பொடியனின் நெளிந்த முன் சில்லை நெம்பித் திருத்திக் கொடுத்தது அவர்தான் என்று சைக்கிள் கடையில் சொன்னார்கள்.